இடப்பக்கம் கொழுந்தனுடையது

பிரேக்கில் கால் வைத்தால் கார் இடது பக்கம் ஓடியது.

முதல் தடவை அந்தப் பழியை அவள் ரோட்டின் மேல் போட்டாள். தார் சரிந்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்த தடவை காற்றின் மேல் போட்டாள். அன்று காலை நூலகத்துக்கு எதிரே சிக்னல் சிவப்பானபோது இடது ஓரத்தில் ஒரு சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அவள் பிரேக்கை மிதித்தாள். கார் மூக்கைத் திருப்பிக்கொண்டு நேராக அவரிடம் போனது. ஸ்டீயரிங்கை வலது பக்கம் முறுக்கிப் பிடித்து நிறுத்தினாள். பம்பருக்கும் அவருடைய பெடலுக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காரை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார், பிறகு சிக்னலைப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்று பின்சீட்டில் இருந்த டீச்சர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம்."

அதற்குமேல் பழி போட ரோடும் இல்லை, காற்றும் இல்லை. கொழுந்தன் ஒருவன்தான் மிச்சம் இருந்தான்.

கார் ஒன்று, ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். பகலில் அவள் டாக்சி ஓட்டினாள். இருட்டியபின் அவள் கணவனுடைய தம்பி ஓட்டினான். ஆறடி உயரம் வளர்ந்திருந்தும் வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். அவளை ஸ்டாண்டில் சைலன்சர் என்பார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவள் போல இருப்பாள். பேச வேண்டிய இடத்திலும் பேசாமல் இருந்து, எதிராளி தானாகவே எல்லாவற்றையும் கொட்டும்வரை காத்திருப்பது அவள் சுபாவம்.

கணவன் ரெடிமேட் துணிக் கம்பெனியில் துணி வெட்டுகிறவன். எதையும் நடுவில் மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும் என்பது அவன் தொழில் அவனுக்குக் கொடுத்த நம்பிக்கை. பஞ்சர் யாரால் ஆனது, கண்ணாடி யாரால் உடைந்தது என்று வீட்டில் ஓயாமல் சண்டை நடந்த காலத்தில், ஒரு விடுமுறை நாளில் இரண்டு பேரையும் காருக்கு முன்னால் நிறுத்தினான். துணியில் சாக்பீஸ் கோடு போடுவது போல பானெட்டின் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தான்.

"வலது பக்கம் உனக்கு. இடது பக்கம் அவனுக்கு. டயர், லைட்டு, கண்ணாடி, எல்லாம் அவங்கவங்க பாத்துக்கணும். எஞ்சின் என்னோடது. இனிமே சத்தம் கேக்கக் கூடாது."

"டிக்கி?" என்றான் சின்னவன்.

"டிக்கி பொது. வாய மூடு."

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சத்தம் நின்றுவிட்டது. வைப்பர் இரண்டும் வேறு வேறு கம்பெனி. இடது ஹெட்லைட் மஞ்சளாக எரியும், வலது வெள்ளையாக எரியும். ஸ்டாண்டில் அதற்குப் பாகப்பிரிவினை வண்டி என்று பெயர். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம் தன்னுடையது என்பதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமைகூட இருந்தது. வலது கதவையும் வலது கண்ணாடியையும் தினமும் துடைப்பாள். கோட்டைத் தாண்டி ஒரு விரல்கூடப் போகாது.

ஒரு தடவை சின்னவன் காற்றடிக்கும் இடத்தில் அவளுடைய டயர்களுக்கும் சேர்த்துக் காற்று நிரப்பிக்கொண்டு வந்தான். நல்லது செய்துவிட்ட முகத்தோடு வந்து சொன்னான். அவள் அவனை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே வாக்கியம் சொன்னாள்: "என் பக்கத்துல கை வைக்காத." அதற்குப் பிறகு அவன் வைக்கவில்லை.

அவளுக்கும் காரணம் இருந்தது. அதற்கு முன்பு அவன் ஒரு இரவு யாருடைய கேட்டிலோ காரைக் கொண்டுபோய் உரசிவிட்டு, விடிவதற்குள் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கித் தடவி வைத்திருந்தான். முதல் மழையில் பெயிண்ட் தண்ணீரோடு ஓடியது. உரசியதை அவள் மன்னித்துவிட்டாள். தடவியதை மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து சாவி கைக்குக் கை மாறுவது நின்றது. வாசல் சுவரில் ஒரு ஆணி. அவள் வந்து மாட்டுவாள், அவன் எடுப்பான். அவன் வந்து மாட்டுவான், அவள் எடுப்பாள். ஒருவர் கை ஒருவர் கையில் படாது.

டீச்சரை இறக்கிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத ஒரு மதிலோரம் காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். இடது பக்கம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தன் வீட்டிலேயே திருடனைத் தேடுகிறவள் போல இருந்தது அவளுக்கு.

பம்பரில் அடி இல்லை. கதவில் கீறல் இல்லை. அது இன்னும் மோசமாகப் பட்டது. அந்தப் பக்கம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. பிறகு சக்கரத்தைப் பார்த்தாள். நட்டுகளின் மூலைகளில் துரு உதிர்ந்து, இரும்பு புதிதாகப் பளபளத்தது. யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பின்சக்கரத்து நட்டுகள் பழைய துருவோடு அப்படியே இருந்தன. முன்சக்கரத்தை மட்டும் கழற்றியிருக்கிறான். ஏன்?

இடது கதவைத் திறந்து சீட்டுக்கு அடியில் கை விட்டாள். ஒரு துணிச் சுருள் தட்டுப்பட்டது. பிரித்தால் உள்ளே ஒரு அட்டை டப்பா. டப்பாவில் நாலு குழிகள். இரண்டில் ஒன்றுமில்லை. இரண்டில் கருப்பாக, கனமாக, உள்ளங்கை அளவுப் பட்டைகள் இருந்தன. பிரேக் பேடு. புதுசு.

ஆக, எங்கேயோ கொண்டுபோய் மோதியிருக்கிறான். சக்கரத்துக்குள் உடைந்ததை மாற்றியிருக்கிறான். டப்பாவைத் துணியில் சுற்றி ஒளித்திருக்கிறான். இந்தத் தடவை பெயிண்டுக்குப் பதிலாக இது. மீதி இரண்டு பட்டைகள் ஏன் அங்கே இருந்தன என்று அவள் யோசிக்கவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் கையில் கிடைப்பதெல்லாம் சாட்சிதான். யோசிக்கிறதற்கு வேறு விஷயம் இருந்தது. சில நாட்களுக்கு முன் ஆணியில் சாவியை மாட்டும்போது அவன் "அண்ணி, உங்க பக்கம்..." என்று ஏதோ ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்த்ததும் "ஒண்ணுமில்ல" என்று விழுங்கிக்கொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்?

அங்கேயே முடிவு செய்துவிட்டாள். இன்று சாயங்காலம் சாவி ஆணிக்குப் போகாது. இனி எந்தச் சாயங்காலமும் போகாது. இரவு ஓட்ட வேறு ஆள் கிடைப்பார்கள்.

அது அவனுக்கு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நிலையாக அவன் செய்த வேலை இது ஒன்றுதான். போன மாதம் பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையைவிடக் காரைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். சாவி இல்லையென்றால் அவன் வெறும் ஆறடிதான். ஆனால் அந்தச் சைக்கிள்காரரின் பெடல் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

மரக் கிடங்குக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் இருந்தார். பொறுமை என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். பாராட்டி வைத்த பெயர் அல்ல, அவரிடம் வண்டி விட்டவர்களுக்குத் தேவைப்படுவதை அவர் பெயராக்கிவிட்டார்கள். சின்னவனுக்கு அவரைத் தெரியாது என்பதற்காகவே அவள் அங்கே போனாள். அவனுக்குத் தெரிந்த மெக்கானிக் என்றால் இரண்டு பேரும் கூட்டாக இருந்துவிடலாமே?

"பிரேக் போட்டா இடது பக்கம் இழுக்குதுண்ணே. இடது முன்சக்கரத்தத் தெறந்து பாருங்க. அடி பட்டிருக்கு."

அவர் டீயை முடிக்கும்வரை பதில் சொல்லவில்லை.

"அடி பட்டத நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்ப எப்படித் தெரியும்?"

அவள் பேசவில்லை. அவரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவளுக்கு ஈடாக ஒருவரை அவள் அன்றுதான் பார்த்தாள். கடைசியில் அவர் எழுந்து, காற்று அளக்கும் கருவியை எடுத்து, டயர்களைச் சுற்றி வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிடங்குக்குப் பின்னாலிருந்த காலி ரோட்டில் ஓட்டினார். ஸ்டீயரிங்கிலிருந்து விரல்களைத் தளர்த்தினார். கார் கோடு போட்டதுபோல நேராகப் போனது. கால் பிரேக்குக்குப் போனதும் இடது பக்கம் பாய்ந்தது. திரும்ப ஓட்டினார், திரும்பப் பாய்ந்தது.

"சும்மா போறப்ப நேராப் போகுது. பிரேக்குல மட்டும்தான் இழுக்குது. கோளாறு பிரேக்குலதான்."

"இடது பக்கம்னு நான்தான் சொன்னேனே."

"இழுக்குறது இடதுதாம்மா."

அந்த 'தான்' அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏதோ இழுத்தடித்துக் கூடுதலாக வேலை காட்டப் பார்க்கிறார் என்று நினைத்தாள்.

ஷெட்டுக்குத் திரும்பி முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, இரண்டு சக்கரங்களையும் கழற்றினார். குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து, சக்கரத்தோடு சுழலும் இடது பிரேக் தட்டின் மேல் ஒரு சொட்டு உதறினார். தோசைக்கல்லில் விழுந்ததுபோல 'சுர்' என்று சத்தம் போட்டுக் காணாமல் போனது. வலது பக்கம் போய் அதேபோல ஒரு சொட்டு உதறினார். அது சத்தமே போடவில்லை. தட்டின் மேல் மெதுவாக வழிந்து, விளிம்பில் தொங்கி, தரையில் விழுந்தது.

அவர் அவளைப் பார்த்தார். அவள் தரையில் விழுந்த சொட்டைப் பார்த்தாள்.

"உள்ள உக்காந்து பிரேக்க மிதி."

மிதித்தாள். இடது தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார், அசையவில்லை. "விடு." விட்டாள், சுழன்றது. "மிதி." வலது பக்கம் வந்து திருகினார். அவள் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருக்கும்போதே வலது தட்டு முனகிக்கொண்டு திரும்பியது.

"நல்லா மிதிச்சிருக்கியா?"

"இதுக்கு மேல மிதிச்சா பெடல் உடஞ்சிடும்."

"அப்ப சரி," என்றார். "ஓடுற ஒருத்தன ரெண்டு பேரு கையப் புடிச்சு நிறுத்தணும். இடது கையப் புடிச்சவன் கெட்டியாப் புடிச்சிட்டான். வலது கையப் புடிக்க வேண்டியவன் சும்மா வேடிக்க பாக்குறான். ஓடுறவன் எந்தப் பக்கம் திரும்புவான்?"

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"இழுக்குற பக்கம் வேல செய்யுதும்மா. இழுக்காத பக்கந்தான் தூங்குது. வர்றவங்க எல்லாரும் இழுக்குற பக்கத்தயே காட்டுவாங்க."

முதலில் இடது பக்கத்தைத் திறந்தார். ஒடிந்தது எதுவும் இல்லை, வளைந்தது எதுவும் இல்லை. புதுப் பேடுகள் தட்டை இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கவ்விக்கொண்டிருந்தன. பேடுகளைப் பிடிக்கும் கேலிப்பர் நகர்கிற பின்களைத் துடைத்து, அளவாகக் கிரீஸ் வைத்திருந்தார்கள்.

"அடி எதுவும் இல்லியா?" என்று கேட்டாள். குரலில் தெரிந்த ஏமாற்றம் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அடியா? இதப் போட்டவன் கைக்கு மோதிரம் போடலாம். ஆனா மண்டையில ஒரு குட்டும் வெக்கணும். எந்த மடையன் ஒரு பக்கம் மட்டும் மாத்துவான்?"

வலது பக்கத்தைத் திறக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. கேலிப்பர் வரமாட்டேன் என்றது. சுத்தியலால் தட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி தட்டி எடுத்தார். பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே தண்ணீர் போய், பின் முழுவதும் துருவேறி ஒட்டியிருந்தது. உள்பக்கத்துப் பேடு தகடு தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்துப் பேடு தேயாமல் கண்ணாடிபோலப் பளபளத்தது.

அவள் கடைசியாக ஒரு கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். "யாராவது வேணும்னே கெடுத்திருந்தா?"

"துரு நேத்து ராத்திரி வராதும்மா. இது பல மழை பாத்த துரு." பின்னைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இந்தச் சக்கரத்த எப்பக் கடைசியாத் தெறந்து பாத்த?"

தினமும் துடைத்த கண்ணாடி, தினமும் துடைத்த கதவு. சக்கரத்துக்குள்ளே? அது தன் பக்கம் என்பதால் நன்றாக இருக்கும் என்று நம்பிவிட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

காருக்குள் போய், துணிச் சுருளை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

"டப்பாவுல நாலு வரும். இடதுக்கு ரெண்டு, வலதுக்கு ரெண்டு. இடதுக்குப் போட்டுட்டு, வலதுக்கு உள்ளதத் துணியில சுத்திப் பத்திரமா வெச்சிருக்கான். எதுக்குக் காத்திருந்தான்? நல்ல நேரம் பாத்தானா?"

*என் பக்கத்துல கை வைக்காத.*

*அண்ணி, உங்க பக்கம்...*

அவள் ஷெட்டுக்கு வெளியே வந்து நின்றாள். மரம் அறுக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றபிறகும் அவள் அங்கேயே நின்றாள். தான் பேசாமல் இருந்தால் எதிராளி எல்லாவற்றையும் கொட்டிவிடுவான் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். சொல்ல வந்ததைக் கொட்டாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்களும் உண்டு.

பொறுமை வலது பின்களை மாற்றி, உறை மாற்றி, டப்பாவிலிருந்த இரண்டையும் போட்டார். அதே காலி ரோட்டில் இந்தத் தடவை அவளே ஓட்டினாள். விரல்களைத் தளர்த்திப் பிரேக்கை மிதித்தாள். கார் தலை குனிந்து, இருந்த கோட்டிலேயே நின்றது.

"முதல்ல கொஞ்சம் மெதுவா பிரேக் போட்டு ஓட்டும்மா. புதுசு பழகணும்," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. சின்னவன் தலை சீவி, சட்டை மாற்றி வாசலில் நின்றான். அவன் கண் அவள் முகத்துக்கு வரவில்லை, சாவி இருந்த கைக்குப் போனது. அவள் ஆணியைத் தாண்டி வந்து அவன் எதிரில் நின்றாள். சாவியை மாட்டவில்லை என்பதை அவன் பார்த்தான்.

"ஸ்டாண்டுல சொன்னாங்க அண்ணி. வண்டிய மெக்கானிக்கிட்ட கொண்டுபோனீங்களாமே."

"ம்."

"நான் எங்கயும் இடிக்கல."

அவள் பேசவில்லை.

"சத்தியமா இடிக்கல. இடது பக்கம் கீச்சுன்னு சத்தம் வந்துது. பெட்ரோல் பங்க்குல வேல பாக்குற ஒருத்தன்கிட்ட ஸ்பானர் வாங்கி, அவன் சொல்லச் சொல்ல நானே பேடு மாத்தினேன். அப்புறம்தான் இழுக்க ஆரம்பிச்சுது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, வருவது வரட்டும் என்பதுபோலச் சொன்னான்: "நீங்க இடிச்சிட்டு மறைக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"நானா?"

"ஆமா. உங்க பக்கம் பூரா டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒரு கீறல்கூட இல்ல. அதான் சந்தேகம் ஜாஸ்தி ஆயிடுச்சு."

கோபம் வரவேண்டிய இடம்தான். காலையில் மதிலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவள் ஞாபகத்துக்கு வந்துவிட்டதால் வரவில்லை.

உள்ளேயிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். "என்ன, வாசல்ல பஞ்சாயத்தா?"

"உங்க எஞ்சின் நல்லாருக்கு. உள்ள போங்க."

அவன் தலை உள்ளே போய்விட்டது.

"மெக்கானிக் என்ன சொன்னாரு அண்ணி?" என்றான் சின்னவன். "எந்தப் பக்கம் கோளாறு?"

தெருவில் யாரோ கதவைச் சாத்தினார்கள். எங்கேயோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம், வாளி நிரம்ப நிரம்ப, மெல்ல மாறிக்கொண்டே போனது. சின்னவன் காத்திருந்தான். இந்தத் தடவை அவன் எதையும் கொட்டவில்லை.

"டப்பாவுல இருந்த ரெண்டையும் போட்டாச்சு," என்றாள்.

அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு அது போய், அவள் வெகுநாளாகப் பார்க்காத ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

"அந்த டப்பா இடது சீட்டுக்கு அடியில இருந்துது."

"ஆமா."

"அப்ப என் பக்கத்துல கை வெச்சிருக்கீங்க."

"வெச்சேன். என்ன பண்ணுவ?"

சாவியை நீட்டினாள். அவன் கை பழக்கத்தில் ஆணியை நோக்கிப் போய், நடுவழியில் நின்று, திரும்பி வந்தது. அவள் உள்ளங்கையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"மெதுவா பிரேக் போடு. புதுசு."

"எந்தப் பக்கம் அண்ணி?"

"போடா."

கார் தெருக்கோடிவரை போவதை நின்று பார்த்தாள். திருப்பத்தில் பிரேக் விளக்குகள் எரிந்தன. அவள் கண் முதலில் இடது பக்கத்துக்கே போனது. பழகிய கண், ஒரு நாளில் மாறாது. கார் கோணாமல் வேகம் குறைந்து, திரும்பி மறைந்தது.

"யார் பக்கம்?" என்று உள்ளேயிருந்து கணவன் கேட்டான்.

அவள் சுவரிலிருந்த ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். நன்றாக இறங்கியிருந்தது, வரவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூலையில் கிடந்த குடையை எடுத்து அதில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.